நோன்புப் பருப்பில் நெய்

மசூர் பருப்பை எண்ணெயில் தாளித்தால் ஒரு ருசி, நெய்யில் தாளித்தால் ஒரு ருசி. ஆனால் வெங்காயத்தைக் கொஞ்சம் கருகவிட்டு, சீரகத்தை ஒரு சிட்டிகை கூடப் போட்டுவிட்டால், எதில் தாளித்தது என்று சாப்பிடுகிறவர் நாக்குக்குத் தெரியாது. சமைத்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. யாரும் என்னை அடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் பஸ் ஏறி வந்து, வாசலில் நின்ற காவலரிடம் அரசு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள். நன்றி.

என் பெயர் இன்ஸாஃப். மருந்துக்கடை லபீபின் மனைவி. லபீபை உங்களுக்கே தெரியும். சென்ற ஆண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்து, கோவிலில் ரொட்டி சுடும் ஃபக்ரிக்குத் தவறான மாத்திரையைக் கொடுத்து அவர் சாவுக்குக் காரணமாகிவிட்டேன் என்று தானே முன்வந்து சொன்னவர். அவருக்கு மூன்று ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்தது உங்கள் அலுவலகம். அதில் தப்பொன்றும் இல்லை. அவர் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டீர்கள்.

அவர் முன்பு எப்படி இருந்தார் என்று சொல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் எதுவும் உங்களுக்குப் புரியாது. குடிப்பார். மாலையில் கடையை அடைத்துவிட்டு நைல் கரையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாராயம் குடிப்பார், தாயம் உருட்டுவார், தோற்பார். பிறகு வீட்டு வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்.

“தேனே, கதவத் தெற. உன் கழுத வந்து நிக்குது.”

“கழுதைக்கு இந்த வீட்ல எடமில்ல. எங்க மேஞ்சியோ அங்கயே போய்ப் படு.”

“கழுத ஆயிரம் எடத்துல மேயும்டி. கட்டிப்போடுற எடம் ஒண்ணுதான்.”

திறந்துவிடுவேன். திட்டிக்கொண்டே காலைக் கழுவிவிடுவேன். குடிகாரன் பெண்டாட்டி என்று பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். நானும் சில நாள் அழுதிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் என்னுடையவர் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்தது கிடையாது. மகள் மரியானைக் கட்டிக்கொடுத்து அலெக்ஸாந்திரியாவுக்கு அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு குருத்து ஞாயிறு காலையில் ஊரே குருத்தோலைச் சிலுவைகளோடு கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்க, இவர் முந்தின இரவின் போதை தெளியாமல் கோவில் பின்வாசலில் விழுந்து கிடந்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்தவர் ஃபக்ரி. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. பலிபீடத்தில் வைக்கும் ரொட்டியை நாங்கள் கடையில் வாங்கமாட்டோம். கோவில் வளாகத்துக்குள்ளேயே அடுப்பு போட்டு, சங்கீதம் சொல்லிக்கொண்டே மாவு பிசைந்து, அன்றன்றைக்குச் சுடுவோம். அந்த வேலை ஃபக்ரிக்கு. மனைவி செத்துப் போனவர், பிள்ளை இல்லை, பௌஸியா என்று ஒரு தங்கை மட்டும் பக்கத்து ஊரில். அடுப்படியை ஒட்டிய அறைதான் அவர் வீடு. அவர் தன் மாவு படிந்த அங்கியின் நுனியை நனைத்து என் கணவர் முகத்தைத் துடைத்துவிட்டு, பலிபீடத்துக்குத் தேர்வாகாத ரொட்டிகளில் ஒன்றைச் சுடச்சுடக் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கண்டித்துப் பேசவில்லையாம். அதைத்தான் லபீப் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஈஸ்டர் கழிந்து ஃபக்ரி அவரைப் பாலைவனத்து மடத்துக்குக் கூட்டிப் போனார். போகச் சொன்னதே நான்தான். இரண்டு நாள் குடிக்காமல் இருப்பாரே என்று பையில் துணி எடுத்து வைத்துக் கொடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். எனக்குக் கிளம்பியது கடவுள்.

திரும்பி வந்தவர் வாசலில் குரல் கொடுக்கவில்லை. மெதுவாகக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இன்ஸாஃப், இத்தன வருஷமா நான் வாழ்ந்தது வாழ்க்கையே இல்ல. இப்பத்தான் உள்ள போயிருக்கேன். ஆழம் இருக்கு, இன்ஸாஃப். நாமல்லாம் கரையிலயே கால நனைச்சுக்கிட்டு நின்னுருக்கோம்.”

இத்தனை வருஷம் என்றால் அதில் நானும் இருக்கிறேன். அது அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. “கை சூடா இருக்கே, வெயில்ல அலைஞ்சீங்களா” என்று கேட்டுவிட்டு எழுந்து போய் உணவைச் சூடு பண்ணினேன்.

குடியை விட்டார். தாயத்தை விட்டார். கூட்டாளிகளை விட்டார். ஊரில் எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்து, “நீ குடுத்து வச்சவ, மரியான் அம்மா” என்றார்கள். எங்கள் சபையில் ஆண்டில் பாதிக்கு மேல் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், நெய் ஒன்றும் கூடாது. கணவனும் மனைவியும் சேர்ந்து படுக்கவும் கூடாது. பெரும்பாலோர் முடிந்ததைச் செய்வார்கள், முடியாததை ஆண்டவன் கண்டும் காணாமல் விட்டுவிடுவான். இவர் ஒரு நோன்பையும் விடவில்லை. நோன்பில்லாத நாளில் ஜெபம் இருந்தது. வெளி அறையில் ஒரு பாயை விரித்து அங்கேயே தூங்கப் பழகிக்கொண்டார். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

சக்களத்தி என்றால் தெருவில் நிறுத்தி மயிரைப் பிடித்து இழுக்கலாம். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். சக்களத்திக்கு வயசாகும், பல் விழும், ஒரு நாள் இவருக்கே சலித்துப் போகும். இவனை என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது? கோவிலுக்குப் போய் அவனிடமேவா?

நான் நம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கட்டைப் பாருங்கள், தொட்டில் வயசில் குத்திய சிலுவைப் பச்சை. நானும் முயன்றேன். அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன். கண்ணை மூடியதும் அவர் முகம் மாறும். கல்யாணமான புதிதில் ஒன்றிரண்டு முறை எனக்குக் காட்டிய முகம் அது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. பொறாமையில் என் நெஞ்செல்லாம் எரியும். அவர் பார்க்கிற திசையில் நானும் பார்ப்பேன். எனக்கு அங்கே சுவர்தான் தெரிந்தது.

அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பில்தான் பருப்பில் நெய் ஊற்றினேன்.

ஒரு கரண்டிதான். வெங்காயத்தைக் கருகவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு, “இன்னிக்கு உன் கைக்கு என்ன ஆச்சு, இவ்ளோ நல்லா இருக்கு” என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நற்கருணை வாங்கப் போனபோது பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். நோன்பை முறித்த வாயைத் திறந்து வாங்கினார். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். குமட்டும், இருமுவார், குறைந்தபட்சம் அந்த முகமாவது வாடும் என்று. ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் போல முகம் மலர்ந்துதான் திரும்பினார்.

அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். தெரியாதவரை ஒரு மனிதன் மேல் எந்த அழுக்கும் ஒட்டாது. சுத்தமெல்லாம் அவன் தன்னைப் பற்றி என்ன நம்புகிறான் என்பதில்தான் இருக்கிறது. இதற்கு ஒரு மறுபாதி உண்டு, அது அன்று எனக்குத் தோன்றவில்லை. செய்யாததைச் செய்துவிட்டதாக ஒருவன் நம்பினால், அது ஒட்டும்.

எங்கள் பழைய குருவானவர் காலமானார். அடுத்து யார் என்று ஆயர் கேட்டபோது ஊரே லபீப் பெயரைச் சொன்னது. ஊர்க்கோவில் குரு எங்களில் கல்யாணமானவராக இருக்க வேண்டும். மனைவி சம்மதிக்காவிட்டால் ஆயர் அவர் தலையில் கை வைக்கமாட்டார். அதனால் ஆயரே ஒரு நாள் பிற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், வயதானவர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“மகளே, லபீப் மனசு எனக்குத் தெரியும். ஊர் மனசும் தெரியும். உன் மனசு தெரியணும். நீ வேணாம்னு சொன்னா, இந்தப் பேச்ச இதோட விட்டுருவோம். உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லாம நான் பாத்துக்கறேன்.”

“எனக்குச் சந்தோஷம்தான் சாமி” என்றேன்.

லபீப் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றியோடு பார்த்தார். நெடுநாள் கழித்து அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

ஆயர் அவரிடம் கேட்கவேண்டிய சில கேள்விகள் இருந்தன. நான் டீத்தட்டோடு அங்கேயே நின்றேன்.

“தப்பா எடுத்துக்காத லபீப், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இதுக்கு முன்னால வேற கல்யாணம்?”

“இல்ல சாமி. இவ ஒருத்தியையே சமாளிக்க முடியல.”

ஆயர் சிரித்தார். “உன் கையால, தெரிஞ்சோ தெரியாமலோ, ஒரு உசுரு போயிருக்கா? வண்டி ஓட்டும்போது, கடையில, எங்கயாவது?”

“இல்ல சாமி.”

“நல்லது. தெரியாமப் போயிருந்தாலும் அந்தக் கை பலிபீடத்தத் தொடக்கூடாது. அது தண்டன இல்ல, நம்ம முறை அப்படி.” பிறகு என் பக்கம் திரும்பி, “சக்கர ரெண்டு கரண்டி போடும்மா, டாக்டர்கிட்ட சொல்லிராத” என்றார்.

இரண்டு கரண்டி போட்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள் ஐயா. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று நினைக்கிறீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. நான் வேண்டாம் என்றிருந்தால் அவர் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார். சரி என்று எனக்குப் பக்கத்திலேயே இருந்திருப்பார். ஆனால் சாகும்வரை நான் அவருக்கும் அவனுக்கும் நடுவில் நின்ற சுவர். அந்தச் சுவரையும் அவர் அன்போடு பொறுத்துக்கொண்டிருப்பார், அதையும் ஒரு நோன்பாக. எனக்கு அது தேவையில்லை. அவரே திரும்பி வர வேண்டும். போக வேறு இடமில்லாமல் என்னிடம் வர வேண்டும். இதில் என்ன பேராசை இருக்கிறது? கட்டின புருஷனைத்தானே கேட்டேன்.

அப்போதும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய வைத்தது ஒரு சொல்.

எங்களில் குருவின் மனைவியைத் தஸோனி என்று கூப்பிடுவார்கள். எங்கள் பழைய மொழியில் அதற்கு ‘என் சகோதரி’ என்று பொருள். அபிஷேகத்துக்கு நாள் குறித்த உடனேயே ஊர் ஆரம்பித்துவிட்டது. காய்கறிக்காரன் கடைப் பையனிடம் ‘தஸோனிக்கு நல்ல தக்காளியாப் பாத்துப் போடு’ என்றான். பக்கத்து வீட்டுக்காரி, போன வருடம் வரை குடிகாரன் பெண்டாட்டி என்றவள், கையைப் பிடித்து முத்தமிட்டு ‘தஸோனி’ என்றாள். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அடுப்படியில் நின்று மொலோகியாக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். லபீப் வாசற்படியில் வந்து நின்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

“தஸோனி, ஒரு டீ கெடைக்குமா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். குரலில் அன்பு இருந்தது. ஒரு அண்ணன் தங்கையிடம் பேசுகிற அன்பு. நான் சிரித்தேன்.

“கெடைக்கும் அண்ணே, உக்காருங்க” என்றேன்.

அவரும் சிரித்தார். அதில் தப்பாக எதுவும் அவருக்குப் படவில்லை. ஐயா, இருபத்தாறு வருடம் அந்த மனிதரின் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

எங்கள் கடையில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரைகளை லபீப் சிறு காகித உறைகளில் போட்டு, எந்த வேளைக்கு எது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பார். மடத்துக்குப் போய்வந்த பிறகு ஒரு பழக்கம் வந்திருந்தது, மாத்திரை எண்ணும்போதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். “மனசு மேல, கை கீழ. ஒரு நாள் யாருக்காவது மாத்திக் குடுக்கப் போறீங்க” என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன், கடையில் நாலு பேர் இருக்கும்போது. அப்போது அதை வெறும் கிண்டலாகத்தான் சொன்னேன். மனிதர்கள் பேசும் எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு பயன் வந்துவிடுகிறது.

ஃபக்ரிக்கு இதயத்தில் கோளாறு. வாரம் ஒரு உறை. அவருடைய மாத்திரையும் வெள்ளை, சிறியது. அதே மாதிரி வெள்ளையாக, சிறியதாக, அந்த இதயத்துக்கு ஆகாத வேறொன்று கீழ்த்தட்டில் இருந்தது. பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. லபீப் உறையை எழுதி மேசையில் வைத்துவிட்டு மதிய ஜெபத்துக்கு உள்ளே போனார். அவர் ஜெபம் முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிட்டது. உறையை நானே கொண்டுபோய் ஃபக்ரியிடம் கொடுத்தேன். அவர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“தஸோனி கையாலயே மருந்து வந்துருச்சு. இனி எனக்கென்ன கொற.”

“வேளை தவறாமச் சாப்பிடுங்க அண்ணே” என்றேன்.

ஏன் ஃபக்ரி என்று நீங்கள் கேட்பீர்கள். கடையில் இதயத்துக்கு மாத்திரை வாங்குகிறவர்களில், பக்கத்து ஊர்த் தங்கையைத் தவிர, பின்னால் வந்து கேட்க ஆளில்லாதவர் அவர். அவ்வளவுதான் காரணம். அவர்தான் என் கணவரை மடத்துக்குக் கூட்டிப் போனவர் என்பது தற்செயல். எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

உடனே நடக்கவில்லை. சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் எந்த நேரமும் நான் போய் அந்த உறையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஞாயிறன்று கோவிலுக்குப் போனேன். பூசை முடிந்து ஃபக்ரி சுட்ட ரொட்டியைப் பங்கு வைத்தார்கள். கொஞ்சம் வெளிறியிருந்தார், தலை சுற்றுகிறது என்றார். ரொட்டி நன்றாக இருந்தது. வீட்டுக்கும் ஒன்று கொண்டு வந்தேன்.

அடுப்படியில் மாவுத்தொட்டிக்குப் பக்கத்தில்தான் விழுந்திருந்தார். கோவில் காவலாள் ஓடி வந்து சொன்னான். லபீப் செருப்புப் போடாமல் ஓடினார், நானும் பின்னால் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. வயசான இதயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லபீப் அவர் கண்களை மூடிவிட்டு, கைகளை மார்பில் சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போது அலமாரியில் தன் கையெழுத்துள்ள உறையைப் பார்த்தார். எடுத்தார். இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன். அதில் ஜெபம் இல்லை. வெளிச்சம் இல்லை. பயந்துபோன ஒரு மனிதன் மட்டும் இருந்தான். அவர் கடவுளைத் தேடவில்லை ஐயா. கூட்டத்தில் கண்ணால் என்னைத் தேடினார். கண்டதும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு வலிக்கிற மாதிரி பிடித்தார்.

“இன்ஸாஃப், நான்தான். நான்தான் கொன்னுட்டேன்.”

“இல்லங்க, வாங்க வீட்டுக்கு” என்றேன்.

அந்த ஒரு வாரத்துக்காக எதுவும் செய்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆயரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அபிஷேகம் நின்றது. வெளி அறையில் பாய் விரிக்கவில்லை. என் மடியில் தலை வைத்துச் சுருண்டு படுத்திருந்தார். ஜெபிக்க உதடு வரவில்லை என்றார். நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். ‘சாமியத் தவிர யாருக்கும் தெரியாது, உறைய எரிச்சுட்டா முடிஞ்சுது, கடைய வித்துட்டு மரியான்கிட்ட போயிருவோம், கடல் பக்கத்துல’ என்றேன். வாத்து அடித்துக் குழம்பு வைத்தேன். நோன்பு நாள்தான். அவர் எதையும் கவனிக்கவில்லை, கொடுத்ததைச் சாப்பிட்டார். நான் அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்பு தூங்கியதில்லை.

பிறகு ஒரு காலை எழுந்து, குளித்து, அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எங்க?”

“போலீசுக்கு. பௌஸியாவுக்கு அவ அண்ணன் எப்படிச் செத்தான்னு தெரியணும். பொய்ய வச்சுக்கிட்டு நான் அவன்கிட்டப் பேச முடியல, இன்ஸாஃப். ஒரு வாரமா முயற்சி பண்றேன்.”

அவன் என்று சொன்னது யாரை என்று எனக்குத் தெரியும். என் மடியில் கிடந்த அந்த வாரம் முழுக்க அவர் அவனிடம் பேசத்தான் முயன்றுகொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்குத் தலையணையாக இருந்திருக்கிறேன்.

நீதிமன்றத்தில் சொன்னது உங்களுக்கே நினைவிருக்கும். ஜெபித்துக்கொண்டே மாத்திரை எண்ணியதால் தவறிவிட்டது என்றார். அதைக் கேட்டபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது, இனி ஜெபத்தையே வெறுத்துவிடுவார் என்று. அடுத்த வாக்கியத்தில், “தப்பு ஜெபத்து மேல இல்ல, என் கை மேல” என்றார்.

சிறைக்குப் பார்க்கப் போவேன். முதல் மாதங்களில் இளைத்திருந்தார், பேச்சு குறைந்திருந்தது. நான் சோறும் வறுத்த மீனும் கொண்டு போவேன், மருமகளைப் பார்க்கிற மாமியார் மாதிரி அவர் ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். காத்திருந்தால் வந்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு பௌஸியா வர ஆரம்பித்தாள். அண்ணனைக் கொன்றவரைப் பார்க்கத் தானே ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வருகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் அழுகிறார்கள். என்னை ஒரு ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

சிறையில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். கைதிகள் மனு எழுதித் தரச் சொல்கிறார்கள், காய்ச்சலுக்கு யோசனை கேட்கிறார்கள். உங்கள் மதத்துக் காவலர்களே அவரை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். சென்ற மாதம் போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் திரும்பி வந்திருந்தது. முன்பைவிட அமைதியாக.

“மடத்துல தேடுனேன் இன்ஸாஃப், பலிபீடத்துல தேடப் பாத்தேன். இங்கதான் கெடச்சுது. நல்லவன்னு காட்டிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லாமப் போனப்புறம் வந்து பக்கத்துல உக்காந்துட்டான். என் பாவம் நெதமும் எதுர நிக்குது. அவனும் நிக்கிறான். நான் இதுக்கு முன்னால இவ்ளோ ஆழத்துக்குப் போனதே இல்ல.”

அந்த ஆழத்தை வெட்டியது யார் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வீடு திரும்பினேன். என் கையால் வெட்டி, என் கையால் அவரை உள்ளே இறக்கி, அவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு தாயும் மகளுக்கு இப்படிச் சீர் செய்து அனுப்பியிருக்கமாட்டாள்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், படிக்கிறவர்களுக்கு அது எளிதாக இருக்கும். குற்றமில்லாத மனிதர் சிறையில் இருப்பது நியாயமில்லை என்பதும் உண்மைதான். தான் பாவி என்று அவர் நம்புவதால்தான் அவன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். நம்ப ஒன்றும் இல்லாமல் போனால் எழுந்து போய்விடுவான்.

தெரிந்தே ஒருவருக்கு விஷம் வைத்தால் சட்டம் என்ன செய்யும் என்பது மருந்துக்கடைக்காரன் மனைவிக்குத் தெரியாமல் இருக்காது. அது பரவாயில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை அவருக்கு நீங்கள் படித்துக் காட்டும்போது நானும் அந்த அறையில் இருக்க வேண்டும். நெய்யிலிருந்து படியுங்கள், எதையும் விடாதீர்கள். அவருக்குக் கோபம் வரும். அடிக்கக்கூட வரலாம், பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒருவரை முழுசாக வெறுக்கும்போது மனதில் வேறு யாருக்கும் இடமிருக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அவர் விழித்தாலும் தூங்கினாலும் நான்தான் இருப்பேன். ஒரு மனைவிக்கு அது போதும்.

பயம் என்று கேட்டால், தூக்குக்குப் பயமில்லை ஐயா. நீங்கள் படித்து முடித்த பிறகு அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அந்த முகத்தோடு கண்ணைத் திறந்து, என்னையும் மன்னித்துவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.